தண்ணீர் படக்கூடாத சுண்ணாம்பு

நாங்கள் சுண்ணாம்பு தின்கிறவர்கள். வெற்றிலையில் தடவி மென்று துப்புகிறோம். மஞ்சளோடு கரைத்துச் சிவப்பாக்கி ஆரத்தி சுற்றுகிறோம். குளவி கொட்டினால் அந்த இடத்தில் அப்பிவிடுகிறோம். அப்படிப்பட்ட ஒரு பொருள் மனிதனின் கண்ணைப் பொசுக்கும் என்று எனக்கு ஐம்பத்திரண்டு வயது வரை யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். நான் அப்படிப்பட்ட ஆள்.

மலேசியாவில், மலாக்கா பக்கம் செலண்டாருக்கு உள்ளே நான் பிறந்த தோட்டத்தில் ஓர் அம்மன் கோயில் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் ஆயர் குரோவிலும் ஜாசினிலும் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். கோயில் மட்டும் அங்கேயே நிற்கிறது. திருவிழாவுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் காரில் வந்து இறங்குவோம். ஆண்கள் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடிப்போம், பெண்கள் கொட்டகையில் சமைப்பார்கள். பழைய செங்கல் சுவர் அது, எப்போதும் ஈரம் ஊறிக்கொண்டே இருக்கும். ஒரு வருடம் கோயில் தலைவர் நல்ல பெயிண்ட்டாக வாங்கி அடித்தார். ஒரே மழைக்காலத்தில் அப்பளம் மாதிரி உப்பி உரிந்துவிட்டது. சுண்ணாம்பு உரியாது. சுவர் மூச்சு விடுவதை அது தடுக்காது. அதனால் மறுபடி சுண்ணாம்புக்கே வந்தோம்.

வழக்கமாக டவுனில் ஒரு பாய் கடையில் வாங்குவோம். மாவு மாதிரி பொடியாக மூட்டையில் வரும். வாளியில் தண்ணீர் விட்டுக் கரைத்தால் வேலை முடிந்தது. சூடு கிடையாது, புகை கிடையாது. எங்களுக்குத் தெரிந்த சுண்ணாம்பு அவ்வளவுதான்.

அந்த வருடம் நான் புத்திசாலித்தனம் பண்ணினேன்.

எனக்கு வேலை, மீன் குட்டைகளுக்கும் இறால் குட்டைகளுக்கும் தீவனம் கொண்டுபோய் இறக்குவது. சின்ன லோரி. தங்கா பத்து என்ற ஊர்ப் பக்கம் ஒரு சீனத் தவுக்கே, முதலாளி, இறால் வளர்த்துக்கொண்டிருந்தார். அறுவடை முடிந்து குட்டையைக் காயப்போட்டால், சேற்றில் உள்ள கிருமி சாகவும் மண்ணின் புளிப்பு போகவும் சுண்ணாம்பு தூவுவார். அந்தத் தடவை குட்டையையே மூடப்போகிறேன் என்றார். ஒரு மூட்டை மிஞ்சியிருந்தது. கோயிலுக்கு வேண்டும் என்று நான்தான் கேட்டேன். பழைய தீவனச் சாக்கில் மாற்றிக் கட்டியிருந்தார்கள். மேலே எந்த எழுத்தும் இல்லை. தூக்கி லோரியில் வைக்கும்போது தவுக்கே மலாயில் சொன்னார்:

“தண்ணி படக்கூடாது. மறந்துடாத. ஒரு சொட்டு கூடப் படக்கூடாது.”

தலையாட்டினேன். சிமெண்டும் அப்படித்தானே, ஈரம் பட்டால் கெட்டுப்போகும், அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து தார்ப்பாய் போட்டு மூடி, செங்கல் மேல் தூக்கி வைத்தேன். மூன்று வாரம் குழந்தையைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டேன். ஏன் படக்கூடாது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் வாசலில் சாக்கைப் பிரித்தேன். உள்ளே பொடி இல்லை. முஷ்டி அளவில் வெள்ளைக் கட்டிகள். என் மச்சான் வந்து எட்டிப் பார்த்தார். மச்சான் என்றால் என் மனைவிக்கு அண்ணன், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். டிரெய்லர் ஓட்டுகிறவர். கிள்ளான் துறைமுகத்துக்கும் ஜொகூருக்கும் முப்பது வருடமாக ஓட்டுகிறார், ஒரு கீறல் கிடையாது. எப்போதும் வாயில் வெற்றிலை இருக்கும்.

“என்னா மாப்ள, கல்லத் தூக்கிட்டு வந்துருக்க? செவுத்துல அடிக்கவா, ஆளு மேல அடிக்கவா?”

“சுண்ணாம்புக் கட்டி மச்சான். தண்ணியில போட்டா கரைஞ்சிரும்.”

“பாய் கடையில பவுடரால்ல வரும்?”

“இது ஓசி லா.”

கோயில் தலைவர் பக்கத்தில் நின்றார். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்தெட்டு வயது, எல்லாருக்கும் அண்ணன். அவர் சிரிக்காமல் சொன்னார்:

“ஓசின்னா ஒங்க மாப்ள சுடுகாட்டுச் சாம்பலக் கூட அள்ளிட்டு வருவாரு. பாத்து.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொட்டகையில் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஆயர் குரோவில் ஒரு பாக்டரியில் இருபது வருடமாக வேலை செய்கிறாள். பாக்டரியில் எதைத் தொட்டாலும் கையுறை, கண்ணாடி.

“கையொறையாவது போட்டுக்கிட்டு செய்யுங்க. என்னா ஏதுன்னு தெரியாம.”

“வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்புக்கு கையொறையா? இது ஒன் பாக்டரி இல்ல, கோயிலு.”

“ஆமா லா, தங்கச்சி,” என்றார் மச்சான். “கரைஞ்சதும் எனக்கு ஒரு டப்பா எடுத்து வையி. ஒரு மாசத்துக்கு வெத்தலைக்கு ஆச்சு.”

நீல பிளாஸ்டிக் டிரம்மில் கட்டிகளைக் கொட்டினேன். பாதி டிரம் வந்தது. இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. கட்டிகள் தண்ணீரைக் குடித்துவிட்டு அப்படியே கிடந்தன. ஐந்து நிமிடம் போயிருக்கும். மச்சான் ஒரு காய்ந்த செம்பனை மட்டையை எடுத்து வந்து குத்திப் பார்த்தார்.

“தூங்குது மாப்ள. எழுப்பு.”

இன்னும் ஒரு வாளி ஊற்றினேன். மச்சான் மட்டையை உள்ளே விட்டுக் கிண்டியபடி குனிந்து பார்த்தார்.

முதலில் டிரம்மின் அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வடைக்கு எண்ணெய் காயும்போது வருமே, அந்தச் சத்தம். அடுத்தாற்போல் கல் பிளப்பது மாதிரி இரண்டு மூன்று வெடி. வெள்ளைப் புகை. நான் பின்னால் நகர்ந்தேன். மச்சான் நகர்வதற்குள் டிரம் முழுவதும் ஒரே சமயத்தில் கொதித்து மேலே வந்தது. பால் பொங்குவது மாதிரி இல்லை. யாரோ உள்ளேயிருந்து உதைத்தது மாதிரி. வெள்ளைக் குழம்பு அவர் நெஞ்சிலும் முகத்திலும் அடித்தது. என் முன்னங்கையிலும் விழுந்தது. அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது.

மச்சான் கத்தவில்லை. “ஐயோ” என்று சின்னக் குரலில் சொன்னார், ஏதோ மறந்துவிட்டு வந்தவர் மாதிரி. பிறகு இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார். டிரம்மின் ஒரு பக்கம் சூட்டில் இளகிச் சாய்ந்தது. கோழி உரிக்கும் வெந்நீரை விட மோசமான ஆவி அடித்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆமாம், டிரம்மைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீரைத் தவிர உள்ளே ஒன்றும் ஊற்றவில்லையே, தீ வைக்கவில்லையே, எப்படிக் கொதிக்கிறது என்று என் மண்டைக்குள் அது ஒன்றே ஓடியது.

என் மனைவி செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அண்ணன் தலையைப் பிடித்து நிமிர்த்திக் கண்ணில் பீய்ச்சப் போனாள். அப்போதுதான் எனக்குத் தவுக்கே சொன்னது ஞாபகம் வந்தது. தண்ணி படக்கூடாது. ஒரு சொட்டு கூட. கண் முன்னால் இப்போதுதானே பார்த்தேன், தண்ணீர் பட்டதால்தானே கொதித்தது? நான் பாய்ந்து குழாயைப் பிடித்து இழுத்தேன்.

“தண்ணி ஊத்தாத! வெந்துரும்! கண்ணு வெந்துரும்!”

“விடுங்க!”

“ஒனக்கு அறிவிருக்கா? இப்பதான பாத்த?”

நான் பலசாலி. அவள் கையிலிருந்து குழாய் வந்துவிட்டது. தண்ணீர் மண்ணில் ஓடியது. தலைவர் கர்ப்பக்கிரகத்துப் பக்கமிருந்து அபிஷேகத்துக்கு வாங்கி வைத்திருந்த பால் பெட்டிகளை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். “பால் ஊத்துங்க, பால் குளிர்ச்சி” என்று மச்சானின் கையை விலக்கி முகத்தில் ஊற்றினார். ஒரு பெட்டி. இரண்டாவது பெட்டி. யாரோ தேங்காயெண்ணெய் என்றார்கள். யாரோ மஞ்சள் என்றார்கள். மச்சான் கால்களை உதைத்துக்கொண்டு “எரியுது, எரியுது” என்று மட்டும் சொன்னார். நான் குழாயை என் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று சரியாகத் தெரியாது. மூன்று நிமிடம் இருக்கலாம், நான்கு இருக்கலாம்.

என் மனைவி என்னை அறைந்தாள். கோயில் வாசலில், எல்லார் முன்னாலும். இருபத்தாறு வருடக் கல்யாணத்தில் அதுவரை என்னை ஒருமையில் கூடப் பேசாதவள்.

“கொண்டா அத! எங்கண்ணன் கண்ணுடா அது!”

குழாயைப் பிடுங்கினாள். அண்ணனைத் தரையில் சாய்த்து, தலையைத் தன் மடியில் வைத்து, விரலால் இமையை விரித்து, விடாமல் தண்ணீர் விட்டாள். பாக்டரியில் கண் கழுவ என்றே ஒரு குழாய் இருக்கிறதாம். கண்ணில் எது விழுந்தாலும் கேள்வி கேட்காமல் தண்ணீர், விடாமல் தண்ணீர், என்று வருடா வருடம் பாடம் எடுப்பார்களாம். அவள் சொல்லி நான் கேட்டதில்லை. காருக்குள் ஏற்றும்போது அன்னதானத்துக்கு வைத்திருந்த தண்ணீர் போத்தல் பெட்டி இரண்டைத் தூக்கிப் பின்சீட்டில் போடச் சொன்னாள். செலண்டாரிலிருந்து மலாக்கா அரசாங்க மருத்துவமனை வரைக்கும் ஒவ்வொரு போத்தலாகத் திறந்து ஊற்றிக்கொண்டே வந்தாள். கார் தரையில் தண்ணீர் தேங்கி, என் செருப்பு மிதந்தது.

மருத்துவமனையில் ஒரு மலாய்க்கார இளம் டாக்டர், பெண். என்ன விழுந்தது என்று கேட்டார். கபூர் என்றேன், மலாயில் சுண்ணாம்பு. என்ன கபூர் என்றார். தெரியாது, கட்டியாக இருந்தது, தண்ணீர் ஊற்றியதும் கொதித்தது என்றேன். அவர் முகம் மாறியது. “கபூர் தோஹோர்” என்று தாதியிடம் சொன்னார். சுட்ட சுண்ணாம்பு. அப்படி ஒரு பெயர் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரியும்.

சுண்ணாம்பு மிச்சமிருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னக் காகிதத் துண்டைக் கண்ணோரத்தில் வைத்தார். அது கருநீலமானது. மறுபடி கழுவினார்கள். மறுபடி காகிதம். மறுபடி நீலம். பை பையாகத் தண்ணீர் இறங்கியது. பிறகு டாக்டர் இமையைப் புரட்டிப் பஞ்சுக் குச்சியால் துடைத்தார். வலது கண்ணில் ஒன்றும் இல்லை. இடது கண்ணில், மேல் இமைக்கு அடியில், அரை அரிசி அளவுக்கு ஒரு கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து ஒரு தட்டில் வைத்துக் காட்டினார். வழியெல்லாம் ஊற்றிய தண்ணீர் அதை அசைக்கவில்லை. ஒட்டிப்போயிருந்தது.

“உடனே கழுவினீர்களா?” என்று கேட்டார்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். “கொஞ்சம் லேட் ஆச்சு,” என்றாள் அவள்.

“தண்ணீர் பட்டால் கொதிக்குமே, அதனால்...” என்று நான் இழுத்தேன்.

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னார்: “ஐயா, கொஞ்சம் தண்ணீர் பட்டால் சுடும். நிறையத் தண்ணீர் விட்டால் சூட்டையும் சுண்ணாம்பையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும். நீங்கள் தண்ணீர் ஊற்றாவிட்டால் மட்டும் என்ன? கண்ணுக்குள்ளேயே கண்ணீர் இருக்கிறதே. அதற்கு அது போதும்.”

வராந்தா நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். கண்ணீர் இருக்கிறதே. ஐம்பத்திரண்டு வயது ஆளுக்கு அது தோன்றவில்லை.

அமிலம்தான் பொசுக்கும் என்று நினைத்திருந்தேன், ரப்பர் பால் உறைய வைக்கும் அமிலத்தைப் பார்த்து வளர்ந்தவன். இது அமிலத்துக்கு நேரெதிர், காரம். அமிலம் பட்ட இடத்தை வேகவைத்து அங்கேயே நின்றுவிடுமாம். காரம் நிற்காதாம். சதையிலுள்ள கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டு உள்ளே உள்ளே போகுமாம். இதையும் டாக்டர்தான் சொன்னார். அதனால்தான் நிமிடக் கணக்கு.

இரண்டு நாள் கழித்துப் பாய் கடைக்குப் போனேன். செய்தி டவுனுக்கு வந்துவிட்டிருந்தது. பாய் என்னைப் பார்த்ததும் கல்லாவிலிருந்து எழுந்துவிட்டார்.

“ஏன் தம்பி, கேக்க மாட்டியா? ஒரு போன் போட மாட்டியா? அது நீத்தாத சுண்ணாம்பு. எங்க வாப்பா காலத்துல நாங்களே குழி வெட்டி, தூர நின்னு தண்ணி விட்டு நீத்துவோம். ஒரு வாரம் யாரையும் பக்கத்துல அண்ட விடமாட்டாங்க. அத டிரம்முல போட்டு எட்டிப் பாத்தீங்களா? முட்டாப் பசங்களா!”

திட்டட்டும் என்று நின்றேன். ஆனால் எனக்கும் கோபம் வந்தது. பாய்க்குத் தெரிந்திருக்கிறது. தவுக்கேக்குத் தெரிந்திருக்கிறது. டாக்டருக்கு ஒரு வார்த்தையில் தெரிந்தது. வாய் நிறையச் சுண்ணாம்பு போட்டு மென்றுகொண்டிருந்த எங்களுக்கு மட்டும் தெரியவில்லை.

பிறகு கைப்பேசியில் தேடித் தேடிப் படித்தேன். மலையிலிருக்கும் சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் போட்டு எரித்தால், அதிலுள்ள கரிக்காற்று, அதாவது கரியமில வாயு, வெளியே போய்விடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு, கால்சியம் ஆக்சைடு. பார்க்கக் கல் மாதிரியே இருக்கும், கனம் குறைவாக இருக்கும். தண்ணீரைக் கண்டால் விடாது. குடிக்கும்போது சூடு கக்கும், ஊதும், வெடிக்கும், கடைசியில் மாவாக உதிரும். அதுதான் நீற்றிய சுண்ணாம்பு, பாய் கடையில் மூட்டையில் வருவது, வெற்றிலையில் தடவுவது. சுவரில் அடித்துக் காய்ந்தால் அது காற்றிலிருந்து பழைய கரிக்காற்றை இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிவிடும். அதனால்தான் உரிவதில்லை. ரொம்ப எரித்த கட்டியாக இருந்தால் தண்ணீர் குடித்தும் கொஞ்ச நேரம் சும்மா இருக்குமாம். பிறகு ஒரேயடியாக எழுமாம். தூங்குது, எழுப்பு என்றாரே மச்சான். அது அந்தக் கொஞ்ச நேரம்.

எங்கெல்லாம் போடுகிறார்கள் என்று படிக்கப் படிக்க எனக்குத் திகைப்பாக இருந்தது. இரும்பு உருக்கும் ஆலையில், சர்க்கரை ஆலையில், நாம் குடிக்கும் குழாய்த் தண்ணீரைச் சுத்தம் செய்யும் இடத்தில், நோயில் செத்த மாட்டைப் புதைக்கும் குழியில். தண்ணீர் ஊற்றினால் தானே சூடாகும் என்று விற்கிறார்களே அந்தச் சாப்பாட்டுப் பெட்டியில். அரிசி பிஸ்கட் பாக்கெட்டில் ஈரம் இழுக்கப் போடும் சின்னப் பையில். எழுந்துபோய் எங்கள் வீட்டு அலமாரியைத் திறந்தேன். பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்டுக்குள் அந்தப் பை இருந்தது. சில பைகளில் கண்ணாடி மணி மாதிரி வேறு ஒன்று இருக்கும், அது இல்லை. இது வெள்ளைக் குருணை. தின்னாதே என்று மேலே எழுதியிருந்தது. அதன் கீழே, பொடி எழுத்தில், தண்ணீர் படக்கூடாது. நான் ஒரு எவர்சில்வர் டம்ளரில் கொட்டி இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டேன். காத்திருந்தேன். டம்ளரைத் தொட்டேன். கையை எடுத்துக்கொண்டேன். மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள்.

“இப்பத் தெரிஞ்சிக்கிட்டு என்ன?” என்றாள்.

மச்சானின் வலது கண் பத்து நாளில் தெளிந்துவிட்டது. இடது கண் முழுக்க வெள்ளையாகிவிட்டது. நல்லாகலாம், பார்க்கலாம் என்றார்கள். வாரா வாரம் நான்தான் காரில் கூட்டிப்போனேன். டிரெய்லர் ஓட்ட ஒற்றைக் கண் போதாது. கண்ணாடியில் இடது பக்கம் வரும் மோட்டார் சைக்கிளைப் பார்க்க முடியாவிட்டால் ஒருவனைக் கொன்றுவிடுவேன் என்று அவரே சொன்னார். கம்பெனி அவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடவில்லை, அவரும் போகவில்லை. அந்தக் கண் திரும்புகிறதா என்பதில்தான் எல்லாம் இருந்தது.

அதோடு இன்னொன்றும் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு மண்ணில் கிடந்தபோது யாரோ தண்ணீர்க் குழாயை இழுத்தது மச்சானுக்குத் தெரிந்திருக்கிறது. யார் என்று தெரியவில்லை. அந்தக் கூச்சலில் குரல் பிடிபடவில்லை. பால் ஊற்றியது தலைவர் என்பதால், குழாயை இழுத்ததும் அவர்தான் என்று முடிவு பண்ணிவிட்டார். அங்கே நின்றவர்களும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி பார்த்திருந்தார்கள். என் மனைவி என்னை அறைந்தது ஓசிச் சுண்ணாம்பைக் கொண்டுவந்ததற்காக என்று நினைத்துக்கொண்டார்கள். தலைவரே கூட அப்படி நம்பிவிட்டார். ஆரஞ்சுப் பழமும் அர்ச்சனைத் திருநீறும் எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்கு வந்து, “பதட்டத்துல என்னா செஞ்சேன்னே தெரியல தம்பி, மன்னிச்சிரு” என்று வாசலில் அழுதார். மச்சான் உள்ளே கூப்பிடவில்லை. நான் அந்த வீட்டுக்குள்தான் இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. தலைவர் பழப் பையை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் கோயில் பொறுப்பை விட்டுவிட்டார். சுவர் வெள்ளையடிக்காமலே திருவிழா நடந்தது.

என் மனைவிக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை. “நீங்க சொல்லணும்,” என்று ஒரு தடவை சொன்னாள். அவ்வளவுதான். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அது அவள் அறைந்ததை விட மோசம்.

நான்காவது மாதம் கண் கிளினிக்கில் அதே டாக்டர் மச்சானின் வலது கண்ணை ஒரு அட்டையால் மறைத்து, கையை முன்னால் நீட்டினார்.

“எத்தனை விரல்?”

மச்சான் ரொம்ப நேரம் பார்த்தார். தலையை அப்படி இப்படித் திருப்பிப் பார்த்தார்.

“வெளிச்சம் இருக்கு,” என்றார். “ஏதோ ஆடுது. விரல்லாம் தெரியல டாக்டர்.”

டாக்டர் கையை இறக்கினார். கண்ணுக்குள் உள்ள பாதிப்பு ஆழமாகப் போய்விட்டது, வேறொருவர் கருவிழியின் மேல்படலத்தை மாற்றிவைத்தாலும் ஒட்டுமா என்பது சந்தேகம் என்றார். இன்னும் சில நிமிடம் முன்னால் கழுவியிருந்தால், என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

காரில் வரும்போது மச்சான் எனக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். அவருடைய நல்ல கண் என் பக்கம் இருந்தது. ஆயர் குரோ சிக்னல் தாண்டியதும் அவர் பேச ஆரம்பித்தார்.

“முப்பது வருசம் ஓட்டிட்டேன் மாப்ள. கெழவன் ஒரு நிமிசத்துல முடிச்சிட்டான். பால் ஊத்துறானாம் பாலு. அவன் மட்டும் கொழாய இழுக்காம இருந்திருந்தா...”

“அவரு இழுக்கல மச்சான்.”

“பின்ன?”

“நான்தான் இழுத்தேன்.”

வேகமாக வந்தது வாயிலிருந்து. நான் சாலையையே பார்த்தேன். தவுக்கே சொன்னது, நான் நினைத்தது, அவர் தங்கச்சி என்னை அறைந்தது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் காரை நிறுத்தச் சொன்னார். ஓரங்கட்டினேன். இறங்கிப் புல்லில் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்க வேண்டும் என்று இருந்தது. லோரிகள் காற்றை அடித்துக்கொண்டு போயின. ஒவ்வொரு லோரிக்கும் அவர் தலை திரும்பியது.

வந்து பின்சீட்டில் உட்கார்ந்தார்.

“நாலு மாசம்,” என்றார். “அந்த மனுசன் வாசல்ல நின்னு அழுதாரு. நீ உள்ள டீ குடிச்சிக்கிட்டு இருந்த.”

“ஆமா மச்சான்.”

“செலண்டாருக்குத் திருப்பு.”

செலண்டாரில் தலைவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. கைலியோடு வெளியே வந்தவர் மச்சானைப் பார்த்ததும் படியில் நின்றுவிட்டார். திட்டு வாங்கத் தயாரானவர் மாதிரி இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டார். மச்சான் என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார்.

“சொல்லு.”

சொன்னேன். தண்ணீர்க் குழாயை இழுத்தது நான், அதை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தது நான், இத்தனை நாள் பேசாமல் இருந்ததும் நான் என்றேன். தலைவர் என்னைப் பார்க்கவே இல்லை. மச்சானின் வெள்ளைக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் இல்லையா தம்பி?” என்று கேட்டார்.

மச்சான் பதில் சொல்வதற்குள் மறுபடி கேட்டார். “கொழாய நான் இழுக்கலியா?”

“இல்லண்ணே,” என்றார் மச்சான். “நீங்க இல்ல.”

தலைவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். மச்சானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு அங்கே இடமில்லை. நான் கார் பக்கத்திலேயே நின்றேன்.